மோட்டாரைத் துயிலெழுப்பிய கெட்டரிங்

மார்கழி மாதத்து விடியற்காலையில், பனியில் நனைந்து நிற்கும் மோட்டார் வண்டியைக் கிளப்ப முயல்வோர் படும் பாட்டை நம்மிற் பலர் கண்டிருப்போம். தொட்டவுடன் உறுமி எழ வேண்டிய யந்திரம் நோயாளியைப்போல் இரண்டு மூன்று முறை முனகிவிட்டு ஓய்ந்துபோகின்றது. உடையவர் சலித்துக்கொள்கின்றார். அண்டை வீட்டார் கூடி ஆளுக்கொரு மருந்து கூறுகின்றனர். பாட்டரி போயிற்று என்பார் ஒருவர். செல்ப் கெட்டது என்பார் மற்றொருவர். பெட்ரோலில் தண்ணீர் கலந்தது என்பார் மூன்றாமவர். எல்லாரும் தத்தம் கருத்தைக் கூறுகின்றனரேயன்றி, வண்டியைச் சோதித்து அதனிடமே விடை பெறுவார் ஒருவரையும் காணோம்.

ஐயம் நேர்ந்தவிடத்துப் பிறர் கருத்தை விட்டுப் பொருளையே சோதித்தறிதல் வேண்டும் என்னும் நெறியைக் கைக்கொண்டு வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. நாம் செல்ப் என்று சுருக்கி வழங்கும் மின்சாரக் கருவியை மோட்டார் வண்டிக்கு நிலையாக அளித்தவரும் அவரே. சார்ல்ஸ் பிராங்க்ளின் கெட்டரிங் என்னும் அவ்வமெரிக்கரின் வரலாற்றை இங்கே சுருக்கி வரையப் புகுகின்றோம். அவர் வாழ்விற் போற்றத்தக்கன பல, அஞ்சத்தக்கதும் ஒன்றுண்டு. இரண்டையும் மறையாது கூறுதலே வரலாறு எழுதுவோர் கடன் என்று கருதுகின்றோம்.

இளமையும் கல்வியும்

கெட்டரிங் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள், ஒஹையோ மாகாணத்தில் லௌடன்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றிற் பிறந்தார். குடியானவர் குடும்பத்திற் பிறந்த அவருக்கு உழைப்பு இயல்பாகவே அமைந்திருந்தது. கண்பார்வையோ இளமை தொட்டே குறைவாயிருந்தது. சிறிது நேரம் புத்தகத்தை உற்று நோக்கினாலும் தலைநோவு வந்து வருத்தும். பள்ளிப் படிப்பு முடிந்த பின்னர், ஓரறையே பள்ளிக்கூடமாக அமைந்த கிராமப் பாடசாலையில் அவர் ஆசிரியராக அமர்ந்தார். கோடை விடுமுறையில் வூஸ்டர் நகரத்துக் கலாசாலையிற் பயின்றார். அக்கலாசாலை 1866-ஆம் ஆண்டிற் பிரஸ்பிட்டேரியன் சபையாரால் நிறுவப்பட்டது. திருச்சபையார் நடத்தும் கல்லூரியில் அவரும் சிறிது காலம் மாணாக்கராயிருந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதொன்றாம்.

பின்னர் அவர் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஆயினும் கண்ணோய் முற்றிப் படிப்பை இடையிலே நிறுத்த நேர்ந்தது. மனமுடைந்து ஊர் திரும்பிய அவர், டெலிபோன் கம்பி போடும் கூட்டத்தாருடன் சேர்ந்து, குழி தோண்டியும் கம்பம் நட்டும் வெளியிலே உழைத்தார். திறந்த வெளி உழைப்பினால் உடல் நலம் பெற்றது. கண்ணுக்கும் ஓய்வு கிடைத்தது. நாளடைவில் அக்கூட்டத்தாருக்கு மேற்பார்வையாளரும் ஆனார். கம்பி வழிச் செய்தி தடைப்பட்டால், கம்பத்துக்குக் கம்பம் சென்று, இவ்விடம் வரையிற் குற்றமில்லை, இதற்கப்பால் உண்டு என்று வரையறுத்துக் காண்பதன்றி வேறு வழியில்லை. புத்தகத்தில் நெடுநேரம் பார்வையைச் செலுத்த இயலாத அவருக்கு இவ்வேலையே ஒரு கலாசாலையாயிற்று எனலாம்.

நலம் பெற்றபின் மீண்டும் பல்கலைக்கழகம் சென்றார். உடன் பயின்ற நண்பர்கள் பாடங்களை உரக்கப் படிக்க, இவர் கேட்டு மனத்திற் பதித்துக்கொண்டார். இவ்வாறு முயன்று 1904-ஆம் ஆண்டில் மின்சாரப் பொறியியலிற் பட்டம் பெற்றபொழுது அவருக்கு வயது 27 முடிந்து 28 நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டில் ஆலிவ் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்துகொண்டார்.

பணப்பெட்டியும் களஞ்சியமும்

பட்டம் பெற்றவுடன், டேட்டன் நகரத்தில் கடைக்காரர்க்குரிய பணப்பதிவு யந்திரங்களைச் செய்துவந்த நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலையேற்றார். அக்காலத்தில் அவ்யந்திரத்தைக் கையாற் சுழற்றியே இயக்கினர். 1906-ஆம் ஆண்டளவில் கெட்டரிங் அதனுள் ஒரு சிறு மின்சார மோட்டாரை அமைத்து, விசையை அழுத்திய மாத்திரத்தில் தொகை பதிந்து பெட்டி திறக்கும்படி செய்தார். நாள் முழுதும் ஓயாது சுழல்வதற்கு வேண்டுமாயின் மோட்டார் பெரிதாயிருத்தல் வேண்டும். ஒரு நொடி மட்டும் வலிந்து உழைத்துப் பின் ஓய்வதற்குச் சிறியதே போதும். இவ்வுண்மையை அவர் பணப்பெட்டியினிடம் கற்றுக்கொண்டார்.

அக்கம்பெனியின் மேலதிகாரிகளுள் ஒருவராகிய எட்வர்ட் டீட்ஸ் என்பவர் கெட்டரிங்குக்கு உற்ற நண்பரானார். டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் ஒரு களஞ்சியம் இருந்தது. பகற்பொழுதின் வேலை முடிந்த பின்னர் நண்பர் சிலர் அங்கே கூடி, இரவெல்லாம் மோட்டார் வண்டிக்குரிய கருவிகளை ஆராய்ந்தனர். வண்டியின் எஞ்சினுக்குள் தீப்பொறி எழுப்பும் புதிய மின்சார அமைப்பொன்று முதலில் உருவாயிற்று. காடிலாக் வண்டிகளைச் செய்த ஹென்றி லீலண்ட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் அவ்வமைப்பில் 8,000 தேவை என்று ஒப்பந்தம் செய்தார். அதனைத் தொடர்ந்து, டெல்கோ என்று சுருக்கி வழங்கப்பெற்ற டேட்டன் பொறியியல் ஆய்வுக்கூடக் கம்பெனி தோன்றியது.

கைப்பிடியின் கொடுமை

அக்காலத்து வண்டியைக் கிளப்பும் முறையை இக்காலத்து மாணாக்கர் அறியார். வண்டியின் முகப்பிலே கோணலான இரும்புக் கைப்பிடியைச் செருகி, முழு வலிமையோடும் சுழற்றுதல் வேண்டும். தீப்பொறி உரிய காலத்திற்கு முன் எழுந்துவிடின், பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பெட்ரோல் ஆவி வெடித்து, எஞ்சின் பின்னோக்கிச் சுழலும்; கைப்பிடி எதிர்த்து வந்து தாக்கும். மணிக்கட்டு முறிந்தோர் பலர். காடிலாக் வண்டியொன்றைக் கிளப்ப உதவி செய்யப் புகுந்த பைரன் கார்ட்டர் என்னும் வண்டித் தொழிலதிபர் இவ்வாறு தாடையில் அடிபட்டு, அதனால் விளைந்த நோயால் 1908-ஆம் ஆண்டில் இறந்தார் என்றும், நண்பரை இழந்த லீலண்ட் அக்கைப்பிடியை ஒழிக்கத் துணிந்தார் என்றும் கூறுவர்.

காற்றழுத்தத்தாலும், சுருள்வில்லாலும் எஞ்சினைச் சுழற்றப் பலர் முயன்றனர். மின்சாரத்தால் முயன்றோரும் கெட்டரிங்குக்கு முன்னரே உண்டு. ஆயினும் அம்முயற்சிகள் நிலைபெறவில்லை. எஞ்சினைச் சுழற்றவல்ல மின்சார மோட்டார் ஏறக்குறைய எஞ்சினளவே பெருத்திருக்கும் என்றும், அதற்குரிய பாட்டரியை வண்டி சுமக்கமாட்டாது என்றும் அறிவாளர் கணக்கிட்டுக் கூறினர்.

கெட்டரிங் அக்கணக்கைப் பிழையென்று கூறவில்லை. கேள்வியே பிழையென்று கண்டார். மோட்டார் எவ்வளவு நேரம் உழைக்கவேண்டும் என்பதை எவரும் கேட்கவில்லை. மிகுந்த பாரம் ஏற்றினால் மோட்டாரைக் கெடுப்பது வெப்பம். வெப்பம் ஏறுவதற்கோ காலம் வேண்டும். எஞ்சின் கிளம்புதற்குச் சில நொடிகளே போதும். ஆதலின் பணப்பெட்டியிற் கண்ட முறையே இங்கும் பொருந்தும் என்று தெளிந்தார். சிறிய மோட்டாரைப் பல்சக்கரங்களின் வாயிலாக, எஞ்சினின் பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தோடு இணைத்தார். எஞ்சின் எழுந்தபின் அம்மோட்டாரே டைனமோவாக மாறிப் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுமாறும், அப்பாட்டரியே விளக்குகளை எரிக்குமாறும் அமைத்தார். கிளப்பும்பொழுது பாட்டரியின் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 24 வோல்ட் தரும். ஊட்டம் பெறும்பொழுது பிரிந்து 6 வோல்ட்டில் நிற்கும்.

1911-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இவ்வமைப்புப் பூட்டிய வண்டி டிட்ராய்ட் நகரத்தில் லீலண்டின் முன் சோதிக்கப்பட்டுத் தேறியது. 1912-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகள் கைப்பிடியின் கொடுமையினின்று விடுபட்டு வெளிவந்தன. அதுவரையில் உடல்வலிமை மிக்க ஆடவர்க்கே உரியதாயிருந்த வண்டியை, பெண்டிரும் முதியோரும் தாமே கிளப்பித் தாமே ஓட்டலாயினர். கையாற் சுழற்ற வேண்டாத நலத்தினால் அந்நாளிற் சிறந்து விளங்கிய மின்சார வண்டிகளின் செல்வாக்குக் குன்றியதற்கும் இது ஒரு காரணமாயிற்று. காலம் மாறி மின்சார வண்டிகள் இந்நூற்றாண்டில் மீண்டும் பெருகியிருத்தல் நினைக்கத்தக்கது.

மெல்லக் கிளம்பும் வண்டியின் நோய்

கெட்டரிங் வகுத்த நெறி இன்றைய பெட்ரோல் வண்டிக்கும் அடிப்படையில் மாறவில்லை: பாட்டரி, கனத்த கம்பி, சிறு மோட்டார், பல்சக்கரம். ஆதலின் மெல்லக் கிளம்பும் வண்டியை ஆராய்வோரும் அவர் சென்ற வழியே செல்லலாம். நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் காணுமாறு மருத்துவனுக்குத் திருவள்ளுவர் கூறிய அறிவுரை வண்டிக்கும் பொருந்தும்.

முதற்கண் காதாற் கேட்டறிதல் வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழல்கின்றதா, விரைந்து சுழன்றும் பற்றிக்கொள்ளத் தாமதிக்கின்றதா? இரண்டும் வெவ்வேறு நோய். விரைந்து சுழன்றும் பற்றாதாயின் செல்ப் குற்றமற்றது. பிளக், தீப்பொறி, பெட்ரோல் வரும் வழி ஆகியவற்றை நாடவேண்டும். மெதுவாகச் சுழலுமாயின் பாட்டரி முதல் செல்ப் வரையிலுள்ள வழியையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்வழியை ஆராய ஒரு வோல்ட் மீட்டர் போதும். இக்காலத்து 12 வோல்ட் பாட்டரி, ஓய்ந்திருக்கும்பொழுது ஏறக்குறைய 12.6 காட்டினால் நிறைந்துள்ளது; 12.2 காட்டினால் பாதியே உள்ளது. எஞ்சினைச் சுழற்றும்பொழுது 9.6-க்குக் கீழே வீழ்ந்தால் பாட்டரி தளர்ந்தது என ஐயுறலாம். பாட்டரி உறுதியாய் நிற்கவும் செல்ப் தளர்ந்து சுழலுமாயின், குற்றம் இடைவழியில் இருத்தல் கூடும். பாட்டரி முனையிற் பூத்திருக்கும் வெண்பொடியும் பச்சைக் களிம்பும் அற்பமாகத் தோன்றும். ஆனால் செல்ப் இழுக்கும் மின்சாரம் 150 ஆம்பியர் எனக் கொண்டால், ஒரு ஓமில் நூற்றிலொரு பங்கு தடையே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். விளக்கு எரிவதற்கு அத்தடை ஒரு பொருட்டன்று, செல்புக்கோ பெருஞ்சுமை. விளக்கு நன்றாக எரிகின்றது, ஆகவே பாட்டரியிலும் கம்பியிலும் குற்றமில்லை என்று முடிவு செய்வோர் ஏமாறுவது இதனாலேயாம்.

ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர், பாட்டரி முனைக்கும் செல்பின் முனைக்கும் இடையிலும், பின்னர் எர்த் கம்பியின் இரு முனைகளுக்கிடையிலும் அளந்து பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் இழப்புக் காணின், அவ்விடத்திற் குற்றமுண்டு. அங்ஙனமாயின் முனைகளைக் கழற்றி, சமையற்சோடா கரைத்த நீராற் கழுவி, சுரண்டித் துலக்கி, இறுகப் பூட்டினால் வண்டி விரைந்து எழும். கழற்றும்பொழுது எதிர்முனையை முதலிற் கழற்றுக. பூட்டும்பொழுது அதனை இறுதியிற் பூட்டுக. பாட்டரியினின்று எழும் வாயு தீப்பற்றக்கூடியதாதலின் அருகில் நெருப்புக் கூடாது. பாட்டரியும் கம்பியும் குற்றமற்றனவாயின், அதன் பின்னரே செல்பைக் கழற்றி அதன் கார்பன்களும் புஷ்களும் தேய்ந்தனவா என்று காணல் வேண்டும். இம்முறையை விடுத்துப் புதுப் பாட்டரி வாங்குவோர், சில ரூபாயில் தீரும் நோய்க்குப் பல்லாயிரம் செலவிட்டுப் பின்னும் வண்டியைத் தள்ளுவர்.

ஆராய்ச்சித் தலைமையும் ஒரு தோல்வியும்

டெல்கோ 1916-ஆம் ஆண்டில் யுனைட்டட் மோட்டார்ஸ் கம்பெனிக்கும், அதன் வழியாக 1918-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் உரியதாயிற்று. கெட்டரிங் அப்பெருங் கம்பெனியின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராகி 1947-ஆம் ஆண்டு வரையிற் பணிபுரிந்தார். மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கு விளக்கேற்றும் சிறு யந்திரம், விரைவில் உலரும் வண்ணப்பூச்சு, ரயில் வண்டிக்குரிய சிறந்த டீஸல் எஞ்சின் ஆகியன அவரும் அவர்தம் குழுவினரும் உலகிற்கு அளித்தவற்றுட் சில.

தோல்வியும் அவரைத் தீண்டாமலில்லை. நீரின்றிக் காற்றாற் குளிரும்படி, செப்புத் தகடுகள் சூழ்ந்த எஞ்சினொன்றை அமைத்தார். 1923-ஆம் ஆண்டில் அவ்வகை வண்டிகள் 759 செய்யப்பட்டன. சுமார் நூறே வாங்குவோர் கைக்குச் சென்றன. அவையும் குறைகளால் திரும்பப் பெறப்பட்டன. கெட்டரிங் வருந்தி வேலையினின்று விலக விரும்பினார். கம்பெனித் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் அவரை விடாது நிறுத்திக்கொண்டார்.

ஈயத்தால் விளைந்த தீங்கு

இத்தோல்வியினும் பெரியது, வெற்றியென்று கொண்டாடப்பட்ட மற்றொன்று. எஞ்சினுள் சுத்தியாற் தட்டுவதுபோன்ற ஓசையொன்று எழுந்து அதன் ஆற்றலைக் கெடுத்துவந்தது. கெட்டரிங் அமைத்த தீப்பொறிக் கருவியே அதற்குக் காரணம் என்று பலர் பழித்தனர். அவர் தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞரைக் கொண்டு ஆராய்ந்து, குற்றம் தீப்பொறியில் இல்லை, எரிபொருள் எரியும் விதத்திலே உள்ளது எனக் கண்டார். இதுவரையில் அவருடைய முறை பிழையற்றது.

பின்னர் மருந்து தேடினர். பல பொருள்களைச் சோதித்தபின், 1921-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் டெட்ராஎதில் ஈயம் என்னும் கூட்டுப்பொருளைச் சிறிதளவு சேர்த்தவுடன் ஓசை அடங்கிற்று. 1923-இல் டேட்டன் நகரத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் அதனைப் பரப்ப ஒரு கம்பெனி தோன்ற, கெட்டரிங்கே அதன் முதல் தலைவரானார். ஈயம் நஞ்சு என்பது பண்டு தொட்டே அறிந்த செய்தி. மிட்ஜ்லியே அந்நஞ்சினால் நோயுற்று ஓய்வெடுத்தார். 1924-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சி மாகாணத்துத் தொழிற்சாலையொன்றில் இப்பொருளைச் செய்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் முதலிய மருத்துவ அறிஞர் எச்சரித்தனர். 1925-இல் வாஷிங்டனிற் கூடிய மாநாட்டிற் கெட்டரிங் ஈயத்திற்கு ஆதரவாகவே பேசினார். சாராயத்தைக் கலந்தாலும் ஓசை அடங்கும் என்பதை அவர்தம் குழுவினர் அறிந்திருந்தும், ஈயமே வென்றது.

அதன் பின் தெருக்களிலெல்லாம் ஈயப்புகை படர்ந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது கேடு செய்தல் பின்னர்த் தெளிவாயிற்று. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகில் இறுதியாக அல்ஜீரியாவில் 2021-ஆம் ஆண்டில் அதன் விற்பனை நின்றது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உலகம் அம்மருந்தின் தீமையை அருந்தியது. கைப்பிடி ஒருவர் கையையே முறித்தது. இதுவோ முகமறியாத கோடானு கோடி மக்களைத் தாக்கிற்று. எஞ்சினைக் கேட்டு விடையறிந்தவர், புகையைச் சுவாசிப்போரைக் கேட்டாரில்லை. அவர் அறிவிற் சிறந்தவராயிருந்ததே இக்குற்றத்தை இன்னும் பெரிதாக்குகின்றது.

இறுதி நாட்கள்

1945-ஆம் ஆண்டில் ஸ்லோனும் கெட்டரிங்கும் பெயர் தாங்கிய புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் நியூயார்க் நகரத்தில் நிறுவப்பட்டது. மறு ஆண்டில் அவருடைய மனைவியார் அந்நோயினாலேயே இறந்தார். 180-க்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றிருந்த கெட்டரிங், 1958-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தமது 82-ஆம் வயதில் உலக வாழ்வை நீத்தார். டேட்டனை அடுத்த நகரமொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன இரண்டென்று கருதுகின்றோம். ஒன்று, காரணம் காணுமுன் மருந்து தேடலாகாது. மற்றொன்று, கண்ட மருந்து யாரிடம் சென்று என் செய்யும் என்பதையும் கேட்டறியாது கொடுத்தலாகாது. நாளை பொறியாளராகவும் மருத்துவராகவும் அதிகாரிகளாகவும் ஆகவிருக்கும் நம் மாணாக்கர், முதலாவதை எளிதிற் கற்பர். இரண்டாவதை மறவாதிருத்தல் அரிது.

இன்னுமொன்று கூறி அமைகின்றோம். கெட்டரிங் தாமும் மெல்லக் கிளம்பியவரே. கண்ணோயால் இடையில் நின்ற அவரைச் சோம்பேறி என்று தள்ளாமல், அருகிருந்து பாடம் படித்துக்காட்டிய தோழர் சிலர் இருந்தனர். நம் வகுப்புகளிலும் பின்தங்கி நிற்போர் உண்டு. அவரைக் கடிந்து தள்ளுவதற்கு முன்னர், தடை எவ்விடத்தில் உள்ளது என்று அவரையே அன்போடு கேட்டறிதல் ஆசிரியர்க்கும் தோழர்க்கும் கடனாகும். சில வேளைகளில் ஒருவர் அருகிருந்து உரக்கப் படித்துக்காட்டுவதே போதியதாயிருக்கும்.